வெறும் டின்னைத் திருப்பக்கூடாது

மடு மாதா துணை

லாசால், மொன்றியல்.
மார்கழி 10, புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மூத்த அக்கா ஜெனாட் அவர்களுக்கு,

உங்கள் கடைசித் தம்பி கிறகரி, ஆண்டவர் தந்த சுகத்தோடும் நானே தேடிக்கொண்ட குழப்பத்தோடும் எழுதிக்கொள்வது. நானும் மகள் றொசானாவும் உடம்பளவில் நலம். உங்களுடைய முழங்கால், அத்தானுடைய சீனி வருத்தம், கிணற்றடிப் பப்பா மரம் மூன்றும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுக்குப் போய்விட்டது. குளிரால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்தக் காலத்தில் இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். உங்களுக்குப் போன் எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள். என் மனைவி அஞ்சலீனா இப்போது தன்னுடைய தங்கச்சியின் இடுப்பு ஒப்பரேஷனுக்குத் துணையாக மன்னாருக்கு வந்து உங்களுக்கு அடுத்த ஒழுங்கையில்தான் நிற்கிறா. உங்கள் ஸ்பீக்கர் அந்த ஒழுங்கைக்குக் கேட்கும். வாட்ஸப்பில் எழுதினால் உங்கள் மருமகள் வாசித்துச் சொல்லுவா, அது ஒழுங்கையைத் தாண்டியும் கேட்கும். அதனால் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிற றஜிந்தனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் எங்கள் பங்குக் கோயிலின் பாடற் குழுவில் பாடுகிறவர், நம்பலாம். அஞ்சலீனா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரியுங்கள். இதோடு ஒரு பொதியும் வரும். அதில் இருப்பதை அத்தான் கடிக்க வேண்டாம், அவருக்குக் கட்டின பல்.

விஷயத்துக்கு வருகிறேன். றொசானாவின் கல்யாணம் வைகாசியில் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை மத்தியூ இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவார். அந்தக் கல்யாணம் குழம்பிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. குழம்பவில்லை என்றும் தெரியவில்லை. குழம்பியிருந்தால் அதற்குக் காரணம் நானும், இருநூறு டோனட்டும், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் தந்த நீலப் பூப் போட்ட போர்வையும்தான். போர்வையைப் பற்றி மனவருத்தப்பட வேண்டாம், அது கிழியவில்லை.

கார்த்திகை பிறந்த கையோடு மத்தியூவின் தாயார், லிசெட் என்று பெயர், லொங்குய்யில் தனி வீட்டில் இருக்கிறா, ஒரு பெரிய தகர டின் நிறைய டோனட் செய்து எங்களுக்கு அனுப்பினா. கடையில் விற்கிற பஞ்சு மாதிரியானது இல்லை அக்கா, இது அவர்கள் வீட்டில் தலைமுறையாக நத்தார்ப் பண்டிகைக்குச் சுடுகிற பழைய பலகாரம். நடுவில் ஓட்டை, மேலே சீனித்தூள், கிட்டப் போனால் சாதிக்காய் வாசம். நானும் மகளும் மூன்று நாளில் டின்னின் அடியைக் கண்டோம். அடியில் மெழுகுத் தாளுக்குக் கீழே ஒரு மட்டை இருந்தது. அந்த டோனட்டின் செய்முறை, லிசெட்டின் கையெழுத்தில், வரப்போகிற மருமகளுக்கு என்று. உங்களுக்குத் தெரியும், றொசானா மருந்துக் கடையில் எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கலப்பாள், வீட்டில் தேத்தண்ணி கலக்கத் தெரியாது. அவள் சந்தோஷத்தில் உடனே லிசெட்டுக்குப் போன் எடுத்து, நானும் அப்பாவும் இதை எங்கள் வீட்டிலேயே செய்து உங்கள் டின்னில் போட்டு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் அஞ்சலீனாவுக்குப் போன் எடுத்தேன். அவ முழுக்கக் கேட்டா, பிறகு சொன்னா:

"இஞ்சருங்கோ, அந்த டின்னை வெறுமையா மட்டும் திருப்பிக் குடுத்திடாதைங்கோ. எங்கட வீட்டில இருந்து சம்மந்தி வீட்டுக்கு முதல் முதல் போற பொருள். கடை முறுக்கைப் போட்டு அனுப்பினீங்களெண்டு கேள்விப்பட்டா நான் திரும்பி வரமாட்டன்."

இது எச்சரிக்கையா சலுகையா என்று கேட்கிற வயது எனக்கு இல்லை. டோனட்டைச் செய்துதான் தீரவேண்டும் என்று மட்டும் விளங்கியது. தனியாகச் செய்யப் பயமாக இருந்ததால் மேல் மாடியில் இருக்கிற ஞானேந்திரன் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். அங்கே அவர் கோப்பைதான் கழுவினவர் என்று அஞ்சலீனா சொல்லுவா. அவரைக் கேட்டால், தான் கழுவினது பெரிய பெரிய சமையற்காரர் தொட்ட கோப்பை என்பார்.

மட்டையில் இருந்தது இதுதான்: பதினைந்து இறாத்தல் மா, ஐந்து இறாத்தல் சீனி, இரண்டரை டசின் முட்டை, முக்கால் கலன் புளித்த பால், சாதிக்காய், சோடா, பொரிக்கிறதுக்குப் பன்றிக் கொழுப்பு. வேறு யாராவது பார்த்திருந்தால் இது என்ன அளவு என்று ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை அக்கா. அஞ்சலீனா நத்தாருக்குப் பயற்றம் பணியாரம் சுட்டாலே அவ்வளவு மாப் போகும், எண்ணெய்த் தாச்சி ஏறினால் நூறுக்குக் குறைந்து இறங்காது. ஞானேந்திரன் அண்ணையும் மட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தியே கிறகரி, இவையளும் எங்களைப் போலதான் செய்யினம்," என்றார். எங்களுக்கு லிசெட்டில் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கொழுப்பு வாங்க நான் மெட்ரோ பிடித்து ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடைக்காரன் எத்தனை பேருக்கு என்று கேட்டான். நாங்கள் செய்கிறவர்கள் இரண்டு பேர்தானே, அதனால் இரண்டு பேருக்கு என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கட்டித் தந்தான். பாலை நான் புளிக்க வைக்கவேண்டி இருந்தது. மன்னாரில் காலையில் பாலை மறந்தால் மத்தியானம் அதுவே புளித்துவிடும், அந்த ஞாபகத்தில் பாத்திரத்தோடு பல்கனியில் வைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் பால் கல்லாகி, கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. புளிப்பு என்று ஒரு சொட்டு இல்லை. அதை உருக்கி, தேசிக்காய்ப் புளி விட்டு, திரைந்து வந்ததும் ஞானேந்திரன் அண்ணை ஹோட்டலிலும் இப்படித்தான் என்றார். எந்தக் கேள்விக்கும் அவர் அதைத்தான் சொல்லுவார்.

மாவை அதிகம் பிசையக்கூடாது, கை பட்டும் படாமலும் கலக்கவேண்டும் என்று மட்டையில் எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். "பிசையாத மாவும் ஒரு மாவோ?" என்று அண்ணை சேட்டுக் கையை மடித்துவிட்டார். புதிதாக வாங்கின பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரி நாற்பது நிமிஷம் குழைத்தார். எழுபது வயது மனுஷன், வியர்வை தொட்டிக்குள் விழாமல் நான் துவாயால் ஒற்றிக்கொண்டு நின்றேன். பிறகு ஓட்டையில் ஒரு வாக்குவாதம். ஓட்டை போடுவது கடைக்காரர் மா மிச்சம் பிடிக்கிற தந்திரம், சம்மந்தி வீட்டுக்கு அனுப்புகிற பொருளில் ஓட்டை இருந்தால் மரியாதை இல்லை என்றார். நானும் கேட்டுக்கொண்டு முதல் முப்பதை முழுசாகத் தட்டினேன். அந்த முப்பதும் வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக வந்த பிறகுதான் ஓட்டை எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்தது.

மாக் குழைத்ததும் பொரித்ததும் போன சனிக்கிழமை காலை. இனி எழுதப்போவதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும்.

அன்று காலை தாச்சியை அடுப்பில் வைக்கிறதுக்கு முன்னம் அஞ்சலீனா போன் எடுத்து ஒன்று சொன்னா. "கொழுப்புக் கொதிக்கத் தொடங்கினாப் பிறகு ஆரையும் குசினிக்குள்ள விடாதைங்கோ. ஒரு கண் பட்டாலும் பலகாரம் எண்ணெய் குடிச்சுப்போடும். ஆர் வந்தாலும் கோலில இருத்தி ரீயைக் குடுங்கோ." நாங்கள் வேதக்காரர், கண்ணூறு பார்க்கக்கூடாது என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லுகிறவர்தான். ஆனால் சுவாமி பலகாரம் சுடுகிறதில்லை. உங்கள் வீட்டிலும் பலகாரம் சுட்டால் கதவைச் சாத்துவீர்கள்தானே அக்கா. எங்கள் அபார்ட்மென்டில் குசினிக்குக் கதவு இல்லை, சோபா கிடக்கிற கோலில் இருந்து பார்த்தால் அடுப்புத் தெரியும். அதனால் உங்கள் நீலப் பூப் போர்வையை எடுத்து, இரண்டு பக்கமும் ஆணி அடித்து, குசினி வாசலில் இழுத்துக் கட்டினேன்.

பத்து மணிக்குக் கதவில் மணி அடித்தது. திறந்தால் லிசெட் நிற்கிறா. தோளில் ஒரு பை, பைக்குள் சமையல் ஏப்ரன், கையில் உருட்டுக் கட்டை. றொசானாதான் தனக்குக் காலை வேலை, நீங்கள் போய் அப்பாவுக்குக் காட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். எனக்கு மெசேஜும் போட்டிருக்கிறாள். என்னுடைய போன் மாப் படாமல் இருக்கட்டும் என்று குளிர் ஜாக்கெட்டின் பொக்கற்றில் இருந்தது. மனிசி சிரித்துக்கொண்டு வந்து, என்னுடைய இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நேரே குசினிப் பக்கம் நடந்தா.

அக்கா, நான் என்ன செய்ய? உள்ளே கொழுப்பு கொதிக்கிறது. அஞ்சலீனாவின் குரல் காதில் நிற்கிறது. நான் முப்பத்தொரு வருஷம் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகள்தான். நான் போர்வைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "அனுமதி பெறாதவர் உள்ளே வரக்கூடாது" என்று பிரெஞ்சில் சொன்னேன். எங்கள் சம்மந்திக்கு. அவவுடைய செய்முறைக்கு முன்னால் வைத்து.

அவ ஏன் என்று கேட்டா. எனக்குக் கண்ணூறுக்குப் பிரெஞ்சு தெரியாது. "கண், ஆபத்து" என்றேன், அதுவும் மெஷினில் இருந்ததுதான். அவ விளங்கின மாதிரித் தலையாட்டி, பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் உள்ளே போக வெளிக்கிட்டா. கொழுப்பு தெறித்து அவவுடைய கண்ணில் படும் என்று நான் சொல்லுகிறதாக நினைத்துவிட்டா. இல்லை இல்லை என்று நான் அவவுடைய கண்ணைக் காட்டி, பிறகு குசினியைக் காட்டி, பிறகு திரும்பவும் அவவுடைய கண்ணைக் காட்டினேன். ஆபத்து அங்கே இருந்து இங்கே இல்லை, இங்கே இருந்து அங்கே என்று விளங்கப்படுத்த வேண்டும் அல்லவா. மனிசியின் சிரிப்பு நின்றுவிட்டது. போய்ச் சோபாவில் இருந்தா.

நான் ரீ போட்டுக் கொடுத்தேன். அல்பம் மூன்றையும் மடியில் வைத்தேன், எங்களுடைய கல்யாணம், றொசானாவின் ஞானஸ்நானம், முதல் நன்மை. ஆள் தனியாக இருக்கக்கூடாது என்று தமிழ் ரீவியையும் போட்டுவிட்டேன். அந்த நேரம் அதில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது, முடிகிறதுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. போர்வைக்கு அந்தப் பக்கம் நானும் அண்ணையும் மூச்சு விடாமல் பொரிக்கிறோம். இந்தப் பக்கம் மனிசி படங்களைப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்களின் அடக்க ஆராதனை விபரங்களைக் கேட்டுக்கொண்டு இருக்கிறா. ஒரு தரம் நான் போர்வையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

"அண்ணை, சம்மந்தி அழுகிறா," என்றேன். அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "மரண அறிவித்தல் பாத்தா ஆருக்கும் அழுகை வரும்தானே," என்றார்.

பிறகு லிசெட் எழும்பி ஜாக்கெட்டைப் போட்டா. போகிறேன் என்று கையைக் காட்டினா, வாய் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, டின்னையும் வெறுமையாகக் கொடுக்கக்கூடாது, இந்த இரண்டும்தான் மண்டைக்குள் நின்றது. ஓடிப்போய் டின்னை எடுத்து, ஆறியிருந்த முதல் ஈடு ஓட்டை டோனட்டை அள்ளிப் போட்டு, மூடி அவவுடைய கையில் திணித்தேன். அக்கா, அந்த ஈட்டை நான் அதுவரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அவ போன பிறகுதான் ஒன்றைக் கடித்தேன். நாற்பது நிமிஷம் குழைத்த மா. மேசையில் தட்டினால் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஞானேந்திரன் அண்ணை இதெல்லாம் கண்ணூறால்தான் என்று முடிவு கட்டினார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, தாச்சியைச் சுற்றி, என்னையும் சுற்றி, அடுப்பில் போட்டார். அந்த நேரம் பார்த்து, பூட்டாமல் விட்ட கதவைத் திறந்துகொண்டு லிசெட் திரும்பி வந்தா. கையுறையை சோபாவில் விட்டுவிட்டாவாம். போர்வை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, உள்ளே இரண்டு கிழவன்மார் புகைக்குள் நின்று தாச்சியைச் சுற்றுகிறார்கள், வீடு முழுக்க மிளகாய் நெடி, மூன்று பேரும் இருமுகிறோம். இருமிக்கொண்டே கையுறையை எடுத்துக்கொண்டு போனா. ஏப்ரனும் உருட்டுக் கட்டையும் சோபாவில் கிடந்தன. ஒன்று மட்டும் சொல்லவேண்டும் அக்கா. மிளகாய் அப்படிக் கமறினால் கண்ணூறு இல்லை என்றுதானே அர்த்தம். மனிசியின் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை. அதை அவவுக்கு எந்தப் பாஷையில் சொல்லுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

றொசானா பின்னேரம் வந்தாள். ஏப்ரனைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்பா, அவ எனக்குத் தந்த ரெசிப்பியப்பா அது," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பிறகு மத்தியூ அவளுக்கு எழுதியிருக்கிறார், அம்மா அழுதுகொண்டே வந்தா, யாரோடும் கதைக்கிறா இல்லை என்று. இன்றைக்கு நாலு நாள். லிசெட் போனை எடுக்கிறா இல்லை. மத்தியூ நேரமில்லை என்கிறார். மகள் என்னோடு "ம்" என்பதைத் தவிர வேறு கதை இல்லை. அக்கா, எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அவளுடைய வாழ்க்கையை நானே ஒரு போர்வையால் மறித்துவிட்டேனோ என்று நினைக்கச் சாப்பாடு இறங்குகிறது இல்லை.

சாப்பாடு என்றால் வீட்டில் அந்த டோனட் மட்டும்தான். நூற்றறுபது மிச்சம். பல்கனியில் பெட்டியில் வைத்தேன், அணில் ஒன்று வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்கனியில் விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தைந்தாகப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை முடிய வாசலில் நின்று கொடுத்தேன். அங்கேயும் பிழையாகிவிட்டது. பூசைக்குப் பிறகு வாசலில் பை கொடுத்தால் அது செத்தவரின் நினைவுக்கு என்றுதானே எங்களுடைய ஆட்கள் எடுப்பார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாங்கினார்கள். தனுஷா ரீச்சர் என்னுடைய கையைப் பிடித்து, "கிறகரி அண்ணை, அஞ்சலீனா அக்காவைக் கன நாளாக் காணேல்லை எண்டு நானும் யோசிச்சனான். எப்ப நடந்தது?" என்று கேட்டா. நான் டோனட் யோசனையில், "சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டேன். ஆகவே அஞ்சலீனா காலமாகிவிட்டா என்று மன்னாருக்கு ஒரு செய்தி வந்தால் நீங்கள் நம்ப வேண்டாம். அடுத்த ஒழுங்கையில் எட்டிப் பாருங்கள், இருப்பா.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, இந்தச் சம்மந்தக் கதையை நீங்களே அஞ்சலீனாவுக்குப் பக்குவமாகச் சொல்லவேண்டும். முதலில் கல்யாணம் என்றால் தடங்கல் வருகிறது வழமை என்று தொடங்குங்கள், போர்வையைக் கடைசியில் சொல்லுங்கள். இரண்டு, அவ இருபதாம் திகதி இங்கே வர ரிக்கற் போட்டிருக்கிறா. எப்படியாவது அவவைத் தை மாதம் வரைக்கும் அங்கேயே மறித்து வையுங்கள். தங்கச்சியின் இடுப்பு இன்னும் சரியில்லை என்று சொல்லலாம். சரியாகிவிட்டால் உங்களுடைய முழங்காலைக் காட்டுங்கள். அதற்குள் நான் லொங்குய்க்குப் போய்ச் சம்மந்தியின் காலில் விழுந்தாவது ஒரு முடிவு எடுத்துவிடுவேன்.

அத்தானுக்கும், மருமகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் என்னுடைய அன்பு. பாலன் பிறக்கிற இந்தக் காலத்தில் உங்கள் எல்லோருடைய வீட்டிலும் சமாதானம் தங்கட்டும், மிஞ்சுவதை இங்கே அனுப்பிவிடுங்கள். என்னுடைய நெற்றியில் தூரத்தில் இருந்தே ஒரு சிலுவை போட்டுவிடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
குழம்பிப்போய் இருக்கும் உங்கள் தம்பி,
கிறகரி

பி.கு.: அக்கா, இது வெள்ளிக்கிழமை காலை. றஜிந்தன் கீழே காரில் இருந்து ஹோர்ன் அடிக்கிறார். நேற்றுப் பின்னேரம் நடந்ததை எழுதாமல் விட்டால் மேலே உள்ளது பொய். எழுதினாலும் மேலே உள்ளது பொய். புதிதாக எழுத நேரமில்லை, அதனால் முன்னுக்கு வாசித்ததை மறந்துவிட்டு இதை வாசியுங்கள்.

நேற்று லிசெட் வந்தா, மத்தியூவும் கூட வந்தார். நான் காலில் விழக் குனிந்தேன், மனிசி பிடித்து நிமிர்த்திக் கட்டிப்பிடித்துக்கொண்டா. பிறகு றொசானா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எனக்கு விளங்கினது இதுதான். லிசெட்டின் தகப்பன் வடக்கே காட்டில் மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் சமையற்காரராக இருந்தவர். அந்த மட்டையில் உள்ளது அறுபது பேருக்கான அளவு. தான் எப்போதும் அதில் பத்தில் ஒரு பங்குதான் போடுகிறது என்று எழுத மறந்துவிட்டாவாம். அதைவிட, அந்த மனுஷன் வீட்டிலும் கொழுப்புக் கொதிக்கும்போது மாச் சாக்கை விரித்துக் குசினி வாசலில் தொங்கவிடுவாராம். பெண்சாதி பிள்ளைகள் ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது, பார்த்தால் மா கோவிக்கும் என்பாராம். லிசெட்டும் தமையன்மாரும் சாக்குக்கு இந்தப் பக்கம் இருந்து பொரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

"அப்பா செத்து முப்பத்தெட்டு வருஷம். அதுக்குப் பிறகு அண்டைக்குத்தான் ஒரு ஆள் என்னைக் குசினிக்குள்ள விடேல்லை எண்டு சொல்றா," என்று றொசானா மொழிபெயர்த்தாள். என்னுடைய போர்வைக்கு முன்னால் இருக்கத் தனக்கு எட்டு வயதாகிவிட்டது, அதுதான் அழுகை, அழுவதை எனக்குக் காட்ட வெட்கப்பட்டுத்தான் வாய் திறக்காமல் எழும்பிப் போனதாம். அந்த நாலு நாளும் டின்னைத் தூக்கிக்கொண்டு மத்தியூவோடு வடக்கே தமையன்மாரிடம் போயிருக்கிறா. கல் டோனட்டை இரண்டு தமையன்மாரும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கடைசி ஒன்றுக்குச் சண்டை பிடித்தார்களாம். தகப்பனின் டோனட்டும் இதே கல்தானாம். பிசையக்கூடாது என்ற வரியை லிசெட்தான் பிறகு சேர்த்தது, அதுக்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பழைய பதம் வரவில்லையாம். ஞானேந்திரன் அண்ணையிடம் இதைச் சொன்னேன். ஹோட்டலிலும் இப்படித்தான் என்றார். மிளகாய்க்கு மட்டும் லிசெட் விளக்கம் கேட்டா, அது காற்றைச் சுத்தமாக்குகிறது என்று றொசானா மொழிபெயர்த்தாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா. ஐந்து நாளைக்குப் பிறகு. எனக்கு அது போதும்.

ஆகையால் கல்யாணம் நடக்கும். வைகாசியில் கேக்குக்குப் பதிலாக முந்நூறு பேருக்கு நானும் அண்ணையும் இதே டோனட் சுடவேண்டுமாம், உங்கள் போர்வையைக் கட்டாயம் கட்டவேண்டுமாம். பொதியில் இருப்பதை அத்தானுக்கும் கொடுங்கள், தேத்தண்ணியில் தோய்த்து. முழங்காலைக் காட்டி அஞ்சலீனாவை மறிக்க வேண்டாம். இருபதாம் திகதி வரைக்கும்கூட வைத்திருக்க வேண்டாம், அடுத்த பிளேனிலேயே ஏற்றிவிடுங்கள். ஒன்று, அவவை உயிரோடு பங்கில் கொண்டுபோய்க் காட்டவேண்டி இருக்கிறது. மற்றது, லிசெட் நேற்று அந்த டின்னைத் திருப்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறா. எங்களுடைய பழக்கத்தை றொசானா அவவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. திறந்து பார்த்தேன், விளிம்பு வரைக்கும் இறைச்சிப் பணியாரம்.